ஜீப் வந்தால் வெட்டலாம்

ஒரு கம்பெனியின் இயக்குநர் குழுவில் அரசின் சார்பில் உட்காரும்படி உங்களுக்கு ஆணை வரும். அந்த ஆணை உங்கள் பெயருக்கு வராது, பதவிக்குத்தான் வரும். நீங்கள் மாறுதலாகிப் போனால், அடுத்து வருகிறவர் அதே நாற்காலியில் உட்காருவார். கம்பெனிக்காரர்கள் சால்வையைக்கூட அதே நிறத்தில் வாங்கி வைத்திருப்பார்கள்.

ஆணையின் கடைசிப் பத்தியில், பொதுநலனைக் காக்கும் வகையில் செயல்பட வேண்டும் என்று இருக்கும். கம்பெனிச் சட்டத்தை எடுத்துப் பார்த்தால், இயக்குநர் என்பவர் கம்பெனியின் நலனைக் காக்க வேண்டும் என்று இருக்கும். பங்குதாரர், தொழிலாளர், சமூகம் என்று ஒரு வரிசையும் கூடவே வரும். இவர்களுக்குள் மோதல் வந்தால் யாருக்கு முதலில் இலை போடுவது என்று ஆணையிலும் இருக்காது, சட்டத்திலும் இருக்காது. இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்தச் சந்தில்தான் உங்கள் நாற்காலி. மெத்தை வைத்த நாற்காலி. உறுத்தாது. அதுதான் அதில் உள்ள ஆபத்து.

போன வருடம் ஓய்வு பெற்றேன். இப்போது எனக்கு யாரும் ஆணை அனுப்புவதில்லை. அதனால் இனி அந்த நாற்காலியில் உட்காரப்போகும் அதிகாரிகளாகிய உங்களுக்குச் சொல்லலாம்.

நான் தேனியில் தொழில் துறை அதிகாரியாக இருந்தபோது, கம்பத்துக்கு வடக்கே ஒரு திராட்சை ஆலையில் அரசுக்குக் கொஞ்சம் பங்கு இருந்தது. பள்ளத்தாக்கில் விளைகிற பன்னீர் திராட்சையை வாங்கிச் சாறு பிழிந்து, குளிர்த் தொட்டிகளில் தேக்கி, வடக்கே உள்ள குளிர்பானக் கம்பெனிகளுக்கு அனுப்புகிற ஆலை. அந்தப் பங்குக்காக மூன்று மாதத்துக்கு ஒரு முறை நான் அங்கே போய் உட்கார வேண்டும்.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் பொறுப்பை ஒப்படைத்த அன்று, கோப்புகளை எல்லாம் நகர்த்தி வைத்துவிட்டு எனக்கு ஒரு பாடம் எடுத்தார்.

"மூணே வாக்கியம்தான் தம்பி. கொஞ்சம் விவகாரம்னா, 'அரசின் கவனத்துக்குக் கொண்டுசெல்கிறேன்.' ரொம்ப விவகாரம்னா, 'அரசின் கருத்தைப் பெற்றுத் தெரிவிக்கிறேன்.' விவகாரமே இல்லைன்னா, 'சாப்பாடு அருமை.' நாலாவதா ஒண்ணு பேசின ஆள் யாரும் நிம்மதியா ரிட்டயர் ஆனதில்லை."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் நிம்மதியாக ஓய்வு பெற்றார். நானும் முதல் சில கூட்டங்களை அந்த மூன்று வாக்கியங்களிலேயே ஓட்டினேன். மூன்றாவதை நான் மனமாரவே சொன்னேன். ஆலையின் சமையல்காரர் அப்படி.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நடந்ததெல்லாம் அதைச் சுற்றித்தான். ஆலையின் தலைவர் தன்ராஜ். போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்த கிறிஸ்தவக் குடும்பத்துக்காரர், பருத்த உடம்பு, சிறிய குரல். ஒருமுறை நன்றியுரை நீண்டுபோய்க் குழம்பு ஆறிவிட்டதாம். அன்று முதல் அந்த ஆலையில் ஒரு வழக்கம். கூட்டத்தில் பேச வேண்டிய பொருள்கள் எல்லாம் முடிந்ததும் நேராக இலைக்குப் போய்விடுவார்கள். "நன்றிய வெத்தில பாக்கோட சேத்துச் சொல்லிக்கலாம்" என்பார் தன்ராஜ். சாப்பிட்டுக் கை கழுவி வந்த பிறகுதான் நன்றியுரை, அதன் பிறகுதான் கூட்டம் முடிந்ததென்ற அறிவிப்பு. விதிப்படி இது ஒழுங்கல்ல. ஆனால் தவறு என்று சொல்லவும் விதி இல்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

அந்தப் பக்கம் திராட்சைக்காரர்கள் தாங்களாக வெட்டுவதில்லை. ஆலையின் ஆள் வந்து "வெட்டுங்க" என்று சொன்னால்தான் பந்தலுக்குள் கத்திரி போகும். கொடியில் தொங்குகிற பழம் சில நாள் பொறுக்கும். வெட்டிய பழம் பொறுக்காது. அந்த வாரம் ஆலையின் ஆள் வாயைத் திறக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் "போர்டு கூடிச் சொல்லும்" என்றே பதில் சொல்லியிருக்கிறார். ஆகவே போர்டு கூடிய நாளில் அவர்களும் ஆலைவாசலில் கூடிவிட்டார்கள்.

என் வண்டி வாசலில் நின்றதும் ஒரு அம்மாள் முன்னால் வந்தார். பெயர் வீரச்சின்னம்மாள் என்று பிறகு தெரிந்தது. ஐம்பது வயதிருக்கும். தோளில் துண்டு. அந்தத் துண்டாலேயே வண்டியின் கண்ணாடியைத் துடைத்து என் முகத்தைப் பார்த்தார்.

"ஐயா, வெட்டலாமா வேணாமான்னு ஒரு வார்த்த சொல்லிட்டு உள்ள போங்க. குமுளிப் பக்கம் மேகம் கட்டிக்கிட்டு நிக்குது. ஒரு மழ பேஞ்சா பழம் பூராம் வெடிச்சுப் போகும்."

"கூட்டம் முடியட்டும்மா."

"எனக்கும் முடிஞ்சிரும்யா. இந்த வெட்டு கைகுடுக்கலேன்னா பந்தலப் பிரிச்சுருவேன். பிளாட்டுக்காரன் தெனம் போன் போடுறான். திருப்பூர்ல இருக்க மகனும் வித்துட்டு வா ஆத்தாங்குறான். நாந்தேன் பிடிச்ச பிடியா நிக்கேன்."

"பார்ப்போம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கி உள்ளே போனேன். பார்ப்போம் என்பது நம் துறையில் ஒரு பதில். தோட்டத்தில் அதற்கு என்ன பொருள் என்று எனக்கு அப்போது தெரியாது.

உள்ளே தன்ராஜ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். வடக்கத்தியக் கம்பெனி ஒன்று கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டது. பிழிந்த சாறு போக வழியில்லாமல் தொட்டிகள் நிரம்பி நிற்கின்றன. இனிப் பிழிந்தால் ஊற்ற இடமில்லை, புளித்துப்போகும். தொட்டி காலியாகும்வரை கொள்முதலை நிறுத்த வேண்டும். சொல்லும்போது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஆலைக்காக வீட்டை அடமானம் வைத்த மனிதர். யாரையும் ஏமாற்றுகிற எண்ணம் அவருக்கு இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வங்கியின் சார்பில் மதுரையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நிறுத்தறதுதான் புத்திசாலித்தனம்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னேன். அரசின் கருத்தைப் பெற்றுத் தெரிவிக்கிறேன். தீர்மானம் நிறைவேறியது. பழம் கொடியில்தானே இருக்கிறது, நாலு நாள் பொறுக்காதா என்பதுதான் அறையில் இருந்த எல்லோருடைய எண்ணமும். என்னுடையதும் அதுதான்.

சாப்பாட்டுக்கு எழுந்தோம். கை கழுவும் இடத்தில் ஒரு ஜன்னல் உண்டு. அதன் வழியே பார்த்தால் சாலைக்கு அப்பால் திராட்சைப் பந்தல்கள். பந்தலுக்கு அடியில் ஆட்கள் குனிந்து குனிந்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். வரப்பில் பெட்டிகள் அடுக்கடுக்காக ஏறிக்கொண்டிருந்தன. ஈரக் கையோடு வெளியே வந்தேன். என் டிரைவர் போஸ் வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"போஸ், அங்கே என்ன நடக்குது?"

"வெட்டுறாக சார்."

"யார் வெட்டச் சொன்னது?"

"நீங்கதேன் சார்."

"நானா?"

"வேற யாரு? நீங்க வந்துட்டீகள்ல. 'ஜீப்பு வந்துருச்சே, என்ன சேதி'ன்னு கேட்டாக. ஐயா உள்ள போயிருக்காக, சும்மாவா போவாக, எல்லாம் நல்லபடியா முடியும்னு சொன்னேன். ஒடனே ஆளாளுக்குப் போன எடுத்துட்டாக. வெட்டுறா வெட்டுறான்னு ஒரே சத்தம். பாக்கவே சந்தோசமா இருந்துச்சு சார்."

போஸ் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார். நம்முடைய பொலிரோவை அந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் ஜீப் என்றுதான் சொல்கிறார்கள். வெள்ளம், வறட்சி, தேர்தல் எதுவானாலும் அந்த ஜீப் வந்த பிறகுதான் ஏதாவது நடக்கும் என்பது அவர்களுடைய அனுபவம். வந்தால் எதுவோ நடக்கப்போகிறது என்று பொருள். உள்ளே நான் பல இயக்குநர்களில் ஒருவன், வாய் திறக்காதவன். வெளியே நான் அரசாங்கம். அறைக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் உள்ள வாசலைத் தாண்டியதும் என் எடை மாறிவிடுகிறது. இதை நமக்குப் பயிற்சி நிலையத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை.

வீரச்சின்னம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது போல.

"என்னய்யா, நிப்பாட்டிட்டாகளா?"

நான் தலையை ஆட்டினேன்.

"நீங்க உள்ள என்ன சொன்னீக?"

"ஒண்ணும் சொல்லலைம்மா. மேலே கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன்."

அவர் என்னையும் ஜீப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒண்ணும் சொல்லாம இருக்கறதுக்கா தேனியில இருந்து டீசல் போட்டுக்கிட்டு வந்தீக?"

பின்னால் நின்ற யாரோ சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. "ஏலே, வெட்டுறத நிறுத்தச் சொல்லுடா" என்று ஒருவரை விரட்டினார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "பாதித் தோட்டம் வெட்டியாச்சுய்யா. வெட்டுன கொலய மறுபடியும் கொடியிலயா ஒட்ட வைக்க முடியும்?"

இங்கே ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். உங்களில் கெட்டிக்காரர்கள் இந்த இடத்தில் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். வண்டியில் ஏறித் தேனிக்குப் போய், "நிலைமையை அரசின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்" என்று ஓர் அறிக்கை எழுதுவீர்கள். அதில் ஒரு பிழையும் இருக்காது. பழம் அழுகும்போது அறிக்கை தலைமைச் செயலகத்தில் இரண்டாவது மேசையில் இருக்கும். நானும் வண்டியைப் பார்த்தேன். அப்போதுதான் நினைவுக்கு வந்தது, நன்றியுரை இன்னும் சொல்லப்படவில்லை.

சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தபோது தன்ராஜ் இலைக்கு முன்னால் கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தார். "ஆமென்" வரைக்கும் காத்திருந்தேன்.

"சார், கொள்முதல் தீர்மானத்தை மறுபடி எடுக்கணும்."

வங்கிக்காரர் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். "அது முடிஞ்சு போச்சே. நிறைவேத்தின தீர்மானத்தை எப்படி சார் மறுபடி எடுக்கிறது?"

"கூட்டம் கலைஞ்சிருந்தா முடியாதுதான். கூட்டம் முடிஞ்சதாத் தலைவர் இன்னும் சொல்லலையே. நன்றியுரையே வரலை. நாம இப்பவும் கூட்டத்தில்தான் இருக்கோம். இலை முன்னால இருக்குங்கிறதால கூட்டம் கலைஞ்சதாகாது."

தன்ராஜ் கையிலிருந்த கோழிக்காலைக் கீழே வைத்தார். "சார், இது அரசாங்கத்தோட கருத்தா?"

"இல்லை. அரசாங்கத்துக்கு இன்னும் தெரியாது. இது என்னோட கருத்து."

"அப்படி ஒண்ணு ஒங்களுக்கு இருக்கா?" என்றார். கேலிதான், ஆனால் ஆச்சரியமும் அதில் இருந்தது. எனக்கும் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

வெளியே நடப்பதைச் சொன்னேன். என் ஜீப்பைப் பார்த்து வெட்டிவிட்டார்கள் என்றேன். வங்கிக்காரர், "அதுக்குக் கம்பெனி எப்படிப் பொறுப்பாகும்? ஜீப் கம்பெனியுடையது இல்லையே" என்றார். நியாயமான கேள்வி. அவரும் தன் நாற்காலியிலிருந்துதான் பேசினார்.

"பொறுப்பு இல்லைதான் சார். நான் அரசு அதிகாரியாப் பேசலை, இந்தக் கம்பெனியோட டைரக்டராப் பேசறேன். இன்னைக்கு வெட்டினவங்க பழம் வரப்பிலேயே அழுகினா, அடுத்த பருவத்துக்குப் பந்தல் இருக்காது, பிளாட்டுதான் இருக்கும். கல்லை நட்ட பிறகு இந்த ஆலை எதைப் பிழியும்?"

மோர் ஊற்ற வந்தவர் செம்போடு அப்படியே நின்றார். தன்ராஜ்தான் முதலில் அசைந்தார்.

"பிழிய முடியாது சார். அது நெசம். ஆனா பிழியாம விக்கலாம்ல? குளிர் அறையில ஒரு பக்கம் காலியாத்தேன் கெடக்கு. இன்னைக்கு அதுல ஏத்தி வச்சு, தின்னுற பழமா மலைக்கு அந்தாண்ட அனுப்பிருவோம்." சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். "அனுப்பலாம். ஆனா அதுக்கு ஒரு ஆளக் கூப்புடணும்."

யார் என்றேன். கேரள எல்லையைத் தாண்டிக் குமுளியில் பழக்கடை வைத்திருக்கிற மச்சினன் என்றார். பாகப்பிரிவினையில் ஏற்பட்ட மனத்தாங்கல். பல வருடமாகப் பேச்சில்லை. எச்சில் கையைத் துடைத்துவிட்டு, இடது கையால் போனை எடுத்து எங்கள் முன்னாலேயே அடித்தார்.

"மாப்ள, நான் தன்ராஜ் பேசுறேன்... எந்தத் தன்ராஜா? ஒங்கக்கா புருசன்டா... யாருக்கும் ஒண்ணும் ஆகல, எல்லாரும் நல்லாத்தேன் இருக்காக. பழம் இருக்கு, பன்னீர். எவ்வளவு எடுப்ப?... அதெல்லாம் பெறகு வையி, இப்ப பழத்தப் பேசு."

அந்தப் பக்கம் மலையாளம் கலந்து ஏதோ நீளமாக வந்தது. தன்ராஜ் போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். பிறகு எங்களைப் பார்த்து, "திட்டுறான். அப்ப எடுப்பான்" என்றார்.

தீர்மானத்தைத் திருத்தினோம். புதிதாக வெட்டுவது நிற்கும், அன்று வெட்டிய பழத்தை ஆலை எடுத்து வெளியே விற்றுக் கொடுக்கும். பழ வியாபாரம் ஆலையின் நோக்கங்களில் இருக்கிறதா என்று வங்கிக்காரர் கேட்டார். "மேற்படி தொழிலுக்குத் துணையான யாவும்" என்ற சொற்றொடர் எல்லாக் கம்பெனியின் சாசனத்திலும் இருக்கும். எழுதியவர்கள் இதைப்போன்ற ஒரு நாளை நினைத்துத்தான் எழுதியிருப்பார்கள் என்று நான் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டார். போகும்போது என்னிடம், "நானும் மேலே விளக்கம் சொல்லணும் சார்" என்றார். அது உண்மை.

எல்லாம் தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். சாயங்காலம் லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே மழை வந்தது. கடைசியில் வந்த பெட்டிகளிலும் கொடியில் மிஞ்சியதிலும் கொஞ்சம் பழம் நனைந்து வெடித்துவிட்டது. வீரச்சின்னம்மாளுடையதில் ஒரு பங்கு அதில் போனது. அவர் அழவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. "இந்த ஒரு தடவ பிளாட்டுக்காரன் போன எடுக்கல" என்று மட்டும் போஸிடம் சொன்னாராம்.

சில வாரங்களில் எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. அரசின் கருத்தைப் பெறாமல் கருத்துத் தெரிவித்தது ஏன் என்று. அதே கூட்டத்தில் அரசின் கருத்தைக் கேட்டுச் சொல்வதாகவும் கூறியிருக்கிறேன் என்பதைச் சுட்டிக்காட்டி, அதன்படி அந்தக் கருத்தை இப்போது வேண்டுகிறேன் என்று பதில் எழுதினேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. கோப்பு எங்கோ உயிரோடு இருக்கும் என்று நம்புகிறேன்.

இதோடு பாடம் முடிந்தது என்று நான் நினைத்தேன். வண்டிதான் பிரச்சினை, வண்டியை விட்டுவிட்டால் யாரும் எதையும் நம்பி வெட்ட மாட்டார்கள் என்று முடிவு செய்தேன். படித்தவன் எடுக்கிற முடிவு. மூன்று மாதம் கழித்து, அடுத்த வெட்டுக்குப் பழம் கனிந்திருந்தபோது வந்த கூட்டத்தன்று போஸைத் தேனியிலேயே இருக்கச் சொன்னேன்.

"சார், நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலை. வண்டிதான் பண்ணுச்சு."

அவருக்கு அது புரியவில்லை. வண்டியை ஒருமுறை தட்டிக்கொடுத்தார். நான் பழைய பேருந்து நிலையத்தில் கம்பம் வண்டியில் ஏறினேன். வீரபாண்டியில் முட்டி மோதி ஒரு கூட்டம் ஏறி, என் மடியில் ஒரு பூசணிக்காயை வைத்தது. சின்னமனூரில் ஒருவர் ஏறினார். என்னைப் பார்த்தார், சிரித்தார், கண்ணைச் சுருக்கினார், பிறகு கொஞ்சம் தள்ளிப்போய் நின்று போனில் பேசினார். பேருந்தின் இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஆலைவாசலில் இறங்கியபோது முன்பைவிடப் பெரிய கூட்டம். யாரும் வணக்கம் சொல்லவில்லை. துக்க வீட்டில் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். சாலைக்கு அப்பால் வீரச்சின்னம்மாளின் தோட்டத்து ஓரத்தில் சட்டையை இன் செய்த ஒருவர் அளவு நாடாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

வீரச்சின்னம்மாள் என்னிடம் வந்தார். "எங்களுக்காகப் பேசப்போயி இப்பிடி ஆயிருச்சேய்யா."

"எப்படி ஆயிருச்சு?"

"சஸ்பெண்டு பண்ணிட்டாகளாம்ல. மெமோ வந்துச்சுன்னு ஒங்க டிரைவரு அன்னைக்கே சொன்னாரு. இப்பப் பஸ்ல வாராகன்னு சின்னமனூர்க்காரரு போன் போட்டாரு. வண்டியப் புடுங்கிட்டாக. ஒங்களத் தூக்கிட்டா ஆலய மூடத்தேன் போறாகன்னு எல்லாரும் பேசிக்கிட்டோம். நான் அவன வரச் சொல்லிட்டேன்." அளவு நாடாக்காரரைக் காட்டினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கிற இடமல்ல. பந்தலில் கருநீலக் குலைகள் தொங்கின. அவற்றின் அடியில் அந்த மனிதர் கல் நடுகிற இடத்தைக் காலால் குறித்துக்கொண்டிருந்தார்.

"சஸ்பெண்டெல்லாம் இல்லைம்மா. நானாத்தான் பஸ்ஸில் வந்தேன். வண்டியைப் பார்த்து நீங்க வெட்டிடக் கூடாதுன்னு."

அவர் இடுப்பில் கைவைத்தார். "வண்டில வந்தா வெட்டக் கூடாதுங்குறீக. வண்டி இல்லாம வந்தா சஸ்பெண்டு இல்லைங்குறீக. அப்ப நாங்க எதத்தேன்யா பாக்குறது?"

அதற்கு என்னிடம் இருந்த மூன்று வாக்கியங்களில் எதுவும் பொருந்தவில்லை. அந்த வாசலில் நின்றபோதுதான் ஒன்று புரிந்தது. அரசாங்கம் வாய் திறக்காவிட்டால் ஜனங்கள் அதன் வண்டியைப் பார்ப்பார்கள். வண்டி இல்லாவிட்டால் இல்லாத வண்டியைப் பார்ப்பார்கள். நாம் வந்தாலும் அது ஒரு சேதி, வராவிட்டாலும் அது ஒரு சேதி. சேதி இல்லாமல் போய்வர நமக்கு வழியே இல்லை. அப்படியிருக்க, சரியான சேதியை நாமே சொல்லிவிடுவதுதானே முறை?

"என்னைப் பாருங்கம்மா" என்றேன். "இன்னும் ஒண்ணும் முடிவாகலை. என்ன முடிவாகும்னு எனக்கே தெரியாது. முடிவானதும் நானே இங்க வந்து சொல்றேன். வேற யார் சொன்னாலும் கத்திரியும் எடுக்காதீங்க, கல்லும் நடாதீங்க."

"சாப்பிட்டுட்டு மூணு மணிக்கு வருவீக. அதுவரைக்கும் இவன என்ன பண்ண?"

"சாப்பிடறதுக்கு முன்னால வரேன்."

அவர் நம்பவில்லை. அந்த ஆலையின் கோழிக்குழம்பின் பெருமை அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் சாலையைத் தாண்டிப் போய் அந்த மனிதரிடம், "அப்பிடி நெழல்ல உக்காருங்க தம்பி, கொஞ்சம் பொறுங்க" என்று சொன்னார்.

அன்றைய கூட்டத்தில் நல்ல சேதி இருந்தது. தொட்டிகள் காலியாகியிருந்தன. வேறொரு குளிர்பானக் கம்பெனி சாறு கேட்டிருந்தது. ஆனால் எல்லோரும் ஒரே நாளில் வெட்டிக்கொண்டு வந்தால் பழைய கதைதான். ஆகவே ஊர் ஊராக முறை வைத்து வெட்டுவது என்று பேசி முடித்தோம். முறையை வாசலில் நானே அறிவிக்கட்டுமா என்று தலைவரிடம் அனுமதி கேட்டேன். குழுவில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது, முடிவை மட்டும் தலைவரின் அனுமதியோடு சொல்லலாம். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"தாராளமாச் சொல்லுங்க" என்றார் தன்ராஜ். இலை போடும் சத்தம் கேட்டது. "சாப்பிட்டுட்டுப் போங்களேன். ஆறிப்போகும்."

"ஆறட்டும்."

"குமுளி மச்சினன் அனுப்புன மீனு சார்" என்றார், ஏதோ கடைசி அஸ்திரம்போல. நான் எழுந்துவிட்டேன்.

வாசலில் நின்று, எந்த ஊருக்கு எந்த நாள் என்று உரக்கச் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். கூட்டத்தில் சிலர் நம்பினார்கள், சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீரச்சின்னம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என் கிட்டே வந்து என் வலது கையைப் பார்த்தார்.

"சாப்பிட்டீகளா?"

"இல்லைம்மா. உள்ளே இலை போட்டிருக்காங்க."

"மீன் கொழம்பு வாசம் வாசல் வரைக்கும் வருது. இன்னும் கை வைக்கலையா?"

"இல்லை."

அவர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "அப்ப நெசந்தேன்."

சாலைக்கு அப்பால் அளவு நாடா சுருட்டப்படுவதைப் பார்த்துவிட்டு உள்ளே போனேன். எல்லோரும் கை கழுவியிருந்தார்கள். என் இலையில் சோறு விறைத்துக் கிடந்தது. குழம்பின் மேல் எண்ணெய் ஆடை கட்டியிருந்தது. உட்கார்ந்து கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டேன். தன்ராஜ் நன்றியுரைக்காகக் காத்திருந்தார்.

"சாப்பாடு அருமை" என்றேன்.